கௌரியின் மடிக்கணினி ஏன் நூந்து போனது

போன மாதம் தனுஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். திணைக்களத்தின் ஆண்டுச் சஞ்சிகைக்கு ஓய்வுபெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம்.

"அண்ணை, உங்கடை வேலையிலை மறக்கேலாத ஒண்டை எழுதித் தாங்கோ. எங்களை மாதிரி ஆக்களுக்கு உற்சாகமாய் இருக்கவேணும்" என்றாள்.

முதற்பக்கத்தில் யாருடைய வாழ்த்துச் செய்தி என்று கேட்டேன். முன்னாள் பணிப்பாளருடையது என்றாள். படத்தோடாம். என்ன எழுதுவது என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

இதை அவர்கள் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும், தனுஷா ஒருத்தி வாசித்தாலே போதும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு யார் யார் என்று தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வேலை தட்டச்சு இயந்திரங்களைத் திருத்துவது. கணினி வந்ததும் கொழும்புக்கு அனுப்பிப் பயிற்சி தந்தார்கள். அரைவாசி விளங்கியது, மீதியைத் திரும்பி வந்து பழுதுகளிடம் படித்தேன். பயிற்சியில் உருப்படியாக மனதில் நின்றது ஒன்றுதான். இயந்திரத்தில் கைவைக்க முன் அதைப் பாவிக்கிற ஆளை விசாரிக்கவேண்டும். என்ன செய்துகொண்டிருந்தபோது நின்றது, எந்த இடத்தில் வைத்து, பக்கத்தில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டாலே பாதிப் பழுது வெளியே வந்துவிடும்.

ஒரு உப அலுவலகத்தில் மழை நாளில் மட்டும் கணினி நிற்கிறது என்றார்கள். எனக்கு முன் போனவர்கள் ஆளுக்கொரு பாகத்தை மாற்றிவிட்டு வந்திருந்தார்கள். நான் போய் இங்கே தேத்தண்ணி யார் போடுவது என்று கேட்டேன். மழையென்றால் எல்லோருக்கும் தேத்தண்ணி வேண்டும், மின்சாரக் கேத்திலைக் கொண்டுபோய்க் கணினியின் யூ.பி.எஸ்ஸில் செருகியிருந்தார்கள். இன்னோரிடத்தில் மின்பெட்டிக்குள் பல்லியொன்று கருகிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகும் அங்கிருந்த உத்தியோகத்தர் வைரஸ் என்றுதான் சொன்னார். கண்ணூறு, நாவூறு என்று சொல்வதைப் போலத்தான் எங்கள் அலுவலகங்களில் வைரஸ் என்று சொல்வார்கள். காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

இப்போது இந்த விசாரிப்பெல்லாம் இல்லை. முறைப்பாட்டைப் பதிந்தால் கொழும்பிலிருந்து ஒருவர் இணையத்தினூடாக உள்ளே வந்து திரையில் எதையோ அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். மேசை எங்கே இருக்கிறது, மேசைக்கு முன்னால் யார் இருக்கிறார் என்று அவர் பார்ப்பதில்லை. கௌரியின் மடிக்கணினிப் பழுதை அந்த முறையில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடித்து நான் மட்டும் என்ன கிழித்தேன் என்று கேட்டால், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பணிப்பாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளை நீளக்கைச் சட்டை, கலையாத திருநீறு, தூசு படாத மேசை. எதை வாயால் சொன்னாலும் "எழுத்திலை தாரும்" என்பார். எழுதிக் கொடுத்தால் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "இதையெல்லாம் ஏன் எழுதினனீர், வந்து சொல்லியிருக்கலாமே" என்பார். இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில்தான் நான் பல வருடம் வேலை பார்த்தேன். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. தன் உத்தரவு பிழைக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு ஒருமுறையாவது வந்ததில்லை, அவ்வளவுதான். கெட்டதனத்தைவிட அது மோசம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் விவசாய அலுவலகத்துக்குப் பத்துப் புது மடிக்கணினிகள் வந்தன. எங்கள் சனத்துக்கு ஒரு சாமானைப் பாவிப்பதைவிடப் பொத்தி வைப்பதில்தான் விருப்பம். ரிமோட்டைப் பொலித்தீன் பையில் போடுவோம், புது மோட்டார் சைக்கிளின் ஆசனத்தில் இருக்கிற பிளாஸ்டிக்கைத் தானாகக் கிழியும்வரை கழற்றமாட்டோம். யுத்தத்துக்குள் வீட்டில் இருந்ததையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிய ஆட்கள் நாங்கள், அந்தப் பழக்கத்தை நான் பகிடி பண்ணமாட்டேன். ஆனால் பணிப்பாளர் அதை உத்தரவாக்கினார். மோட்டார் சைக்கிள் ஆசனத்துக்கு உறை தைக்கிற கடையொன்றில் சொல்லிக் கறுப்பு றெக்சீனில் பத்து உறைகள் தைப்பித்தார். அரச சொத்து, உறையோடுதான் வைத்துப் பாவிக்கவேண்டும் என்று கூட்டத்தில் சொன்னாராம். நான் அன்று அங்கே இல்லை. பிறகு அறைகளுக்குப் போகும்போது அவை கதிரைகளின் முதுகில் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். கொண்டுதிரிவதற்குத் தைத்த பைகள் என்றுதான் எண்ணினேன்.

பத்தில் ஒன்று கௌரிக்குக் கிடைத்தது. கௌரிக்கு ஊர் இணுவில். நாற்பதைத் தாண்டியவள், கலியாணம் கட்டவில்லை. தகப்பன் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையாகக் கிடந்தார். மத்தியான இடைவேளையில் ஸ்கூட்டியில் வீட்டுக்கு ஓடி, அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டுத் திரும்பி வருவாள். திருப்பாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவள் வரும்வரை அடுத்த அறைச் சுகந்தி சாப்பாட்டைத் திறக்காமல் காத்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே பெட்டியில் பகிர்ந்து சாப்பிடுவதைப் பார்த்து, இவர்கள் தமக்கை தங்கையோ என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

கௌரியின் மடிக்கணினி நூந்து போகத் தொடங்கியது. எங்கள் பேச்சில் விளக்கு அணைவதை நூந்து போகிறது என்போம். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

"அண்ணை, ஒண்டும் சொல்லாமல் நூந்து போகுது. திருப்பிப் போட்டால் கொஞ்ச நேரம் நிக்குது, பேந்தும் நூருது."

"நீலத்திரை வருகுதோ?"

"இல்லை அண்ணை. கறுப்பு. அவ்வளவுதான்."

நீலத்திரை வந்தால் அது மென்பொருளிலோ நினைவகத்திலோ இருக்கிற வருத்தம், அதில் எழுதியிருப்பதை வைத்துத் தேடலாம். ஒன்றும் சொல்லாமல் கறுத்தால் மின்சாரமோ சூடோ. நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தேன். எதிர்பாராமல் மின் நின்றது என்று மட்டும் இருந்தது. மின்னேற்றியை மாற்றினேன், மின்கலத்தை மாற்றினேன். நினைவகத்தைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், வன்தட்டைச் சோதித்தேன். பின்மூடியைத் திறந்து விசிறியைத் தூரிகையால் சுத்தம் செய்து, செயலிக்கு மேல் பூசுகிற பசையைப் புதிதாகப் பூசினேன். என் மேசையில் நாள் முழுக்க ஓடியது. அதை அவளிடம் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் நூந்துவிட்டது.

திரும்பக் கொண்டுவந்தாள். திரும்ப ஓடியது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். அவளுடைய மேசைக்குப் போனதும் திரும்ப நூந்தது. அவளுடைய மேசைப் பிளக்கில் என்னுடைய மடிக்கணினியை மாட்டி ஓடவிட்டேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படியே மாதங்கள் போயின.

அந்த வேளையில்தான் அவள் சின்ன வெங்காய விதை கேட்ட கமக்காரர்களின் விபரங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். அந்தக் கோப்பு திறந்திருந்தபோது மடிக்கணினி நின்று, கோப்பு பழுதாகிப்போனது. இருந்த இருப்பில் முழுவதையும் திரும்பப் பதிந்தாள், இரண்டாம் முறையும் போனது. விபரம் பிந்திப் போனதால் விதையும் பிந்தி வந்தது. நடுகைக் காலம் தவறிய கமக்காரர்கள் முற்றத்தில் வந்து நின்று கௌரியைப் பெயர் சொல்லி ஏசினார்கள். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. யாராவது ஒருவர் தலையில் அது விழவேண்டியிருந்தது. கவனயீனம் என்று தீர்ந்தால் நெடுந்தீவுக்கு இடமாற்றம் என்ற கதை விசாரணைக்கு முதலே அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து கடலால் போகவேண்டும். போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்து தகப்பனைத் திருப்ப முடியாது.

"அண்ணை, என்ன செய்தாவது காரணத்தைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் நான் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். கருவி எதுவும் கொண்டுபோகவில்லை, இத்தனை மாதமும் மறந்திருந்த விசாரிப்பைத்தான் கொண்டுபோனேன். அவள் வந்தாள், கைகழுவினாள், இழுப்பறையைத் திறந்து மடித்து வைத்திருந்த றெக்சீன் உறையை எடுத்து மடிக்கணினிக்குப் போட்டாள். திரைக்கு ஒரு வாசல், விசைப்பலகைக்கு ஒரு வாசல் வெட்டியிருந்தது. அடிப்பக்கமும் ஓரங்களும் மூடித் தைத்திருந்தன. விசிறி காற்றை இழுக்கிற துவாரங்கள் அடியில் இருக்கின்றன, சூட்டைத் தள்ளுகிற துவாரம் ஓரத்தில் இருக்கிறது. எல்லாம் றெக்சீனுக்குள்.

"எப்பவும் இதைப் போட்டுக்கொண்டோ வேலை செய்யிறனீர்?"

"ஓம் அண்ணை. சேர் சொன்னவர்தானே."

"என்னட்டைக் கொண்டுவரேக்கை நான் இதைக் காணேல்லையே."

"உறையும் இருப்பேட்டிலை பதிஞ்ச சாமான் அண்ணை. பழுது பாக்கக் குடுக்கிற இடத்திலை துலைஞ்சு போகுமெண்டு கழட்டி வைச்சிட்டுத்தான் கொண்டுவாறனான்."

உறையோடு ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தேன். ஏறிக்கொண்டே போய் நூந்தது. உறையைக் கழற்றி ஆறவிட்டு ஓடவிட்டேன். நூரவில்லை. திரும்பப் போட்டேன், நூந்தது. கௌரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணை, சேர் சொன்னதை நான் கேட்டதாலையோ பழுதானது?"

நான் மற்ற ஒன்பது மேசைகளுக்கும் போனேன். ஒருவரும் உறையோடு வேலை செய்யவில்லை. விசையை அழுத்தக் கஷ்டம், றெக்சீன் மணக்கிறது, கை வேர்க்கிறது என்றார்கள். பணிப்பாளர் சுற்றிவரும் சத்தம் கேட்டால் கதிரையிலிருந்து எடுத்து மாட்டுவார்களாம், போனதும் கழற்றிவிடுவார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் உத்தரவைக் கடைப்பிடித்த ஒரே ஆள் கௌரிதான்.

பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். எழுத்தில் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பின்னேரம் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, எனக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். அந்த அறையில் எனக்குக் கிடைத்த முதல் தேத்தண்ணி அது.

"உம்மடை அறிக்கையிலை ஒரு விஷயம் கூடிப்போச்சு."

"எது சேர்?"

"உறை. பத்துப் பேருக்குக் குடுத்தது. ஒரு ஆளின்ரைதானே பழுதாகுது."

"மற்ற ஆக்கள் கழட்டிப்போட்டுத்தான் பாவிக்கினம் சேர்."

"அப்பிடியோ" என்றார், குரல் உயராமல். "அப்ப அவையளையே கேப்பம். விசாரணையிலை கேப்பம்."

அந்தப் பதிலில் இருந்த கெட்டித்தனம் எனக்கு வெளியே வந்த பிறகுதான் விளங்கியது. உறையைக் கழற்றினேன் என்று சொல்கிற ஆள் உத்தரவை மீறிய ஆள் ஆகிவிடுவார். கௌரிக்காக யார் அதைத் தலையில் போட்டுக்கொள்வார்கள்? நான் சுகந்தியிடம் போனேன்.

"நான் சொல்லுறன் அண்ணை" என்றாள் சுகந்தி. "நான் கழட்டிப்போட்டுத்தான் வேலை செய்யிறனான் எண்டு அவையளுக்கு முன்னாலை சொல்லுறன். கௌரி எனக்குக் கூடப்பிறக்காத குறை." எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

விசாரணை பணிப்பாளரின் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கௌரியிடம் வாக்குமூலம் வாங்கிவிட்டு அவளை வெளியே இருத்தினார்கள். நான் தொழில்நுட்பம் சொல்வதற்கென்று உள்ளே இருந்தேன். மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

"உறையோடைதான் பாவிக்கிறனீங்களோ?"

"ஓம் சேர்."

"எந்த நேரமும்?"

"எந்த நேரமும் சேர்."

எனக்கு முன்னால் சிரித்துக்கொண்டு சொன்ன அதே வாய்கள். கடைசியாகச் சுகந்தி வந்தாள். மேசையைப் பார்த்தபடி, "உறையோடைதான் சேர்" என்றாள். புருஷன் வேலை செய்கிற ஊருக்கு இடமாற்றம் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் பணிப்பாளரின் முடிவுக்காகக் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தும் என் கோபம் குறையவில்லை.

நான் விடவில்லை. மடிக்கணினியை உறையோடு ஓடவிட்டுக் காட்டுகிறேன், கௌரியின் மேசைக்கு வாருங்கள் என்று கேட்டேன். அவளுடைய அறைக்கு அஸ்பெஸ்டஸ் கூரை, பத்து மணிக்கே அனல் இறங்கும். விசாரணையை இடையில் விட்டு எழும்ப முடியாது, இங்கேயே காட்டும் என்றார்கள். பணிப்பாளரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசியை நிறுத்தச் சொன்னேன்.

"இந்த வெக்கையிலையோ?" என்றார் வந்த அதிகாரி.

செயலிக்குச் சுமை கொடுக்கிற சோதனையை ஓடவிடக் கேட்டேன். "வேணுமெண்டு பழுதாக்கப் பாக்கிறீரோ?" என்றார் பணிப்பாளர். அந்தக் குளிரில், ஒருவரும் தட்டாமல், கறுப்பு உறைக்குள் அந்த மடிக்கணினி மினுங்கிக்கொண்டு நின்றது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நூரவே இல்லை. என் வேலைக் காலத்தில் ஒரு இயந்திரம் பழுதாகவேண்டும் என்று நான் கும்பிட்டது அந்த ஒரு நாளில்தான்.

கவனயீனம் என்று தீர்ந்தது. நெடுந்தீவு. கௌரி மேன்முறையீடு செய்தாள், பதில் வரவில்லை. பொறுப்பேற்கவேண்டிய நாளுக்கு முதல் வேலையை விட்டு விலகினாள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவைக்காலம் நிரம்பவில்லை, அதுவும் போயிற்று. வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

அவள் போய்க் கொஞ்சக் காலத்தில், ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தின் முடிவில், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பும்போது பணிப்பாளர் சொன்னார்: "வெக்கைக் காலம். உந்த உறையளைக் கழட்டிக் களஞ்சியத்துக்குக் குடுத்துவிடுங்கோ." அவ்வளவுதான். ஒருவரும் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கௌரியின் மடிக்கணினி அவளுக்குப் பதிலாக வந்தவரின் மேசையில் உறையில்லாமல் ஓடியது. அதன்பிறகு அது ஒருநாளும் என்னிடம் வரவில்லை. கவனமான ஆள் கையில் இருந்தால் எந்தச் சாமானும் நிற்கும் என்று பணிப்பாளர் அந்தப் புது உத்தியோகத்தரை எனக்கு முன்னால் புகழ்ந்தார்.

களஞ்சியத்தில் இருந்த சிவராசா அண்ணை என்னைக் கூப்பிட்டுப் பத்து உறைகளையும் மேசையில் பரப்பிக் காட்டினார். ஒன்பது கடை வாசனை போகாமல் இருந்தன. உட்பக்கத்தில் தையற்காரரின் சோக்குக் கோடுகூட அழியவில்லை. ஒன்று மட்டும் மணிக்கட்டு படுகிற இடத்தில் தேய்ந்து வெளுத்து, அடிப்பக்கம் சூட்டில் சுருங்கி, தையல் விட்டிருந்தது.

"தம்பி, உதிலை ஒண்டுதான் பாவிச்சிருக்கு" என்றார்.

தேய்ந்ததையும் புதியதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பணிப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். அவருக்கு விளங்கியது, அது எனக்கு நிச்சயம்.

"பழசைக் கழிச்சுவிடச் சொல்லும். மிச்சத்தை வைக்கட்டும், தேவைப்படும்" என்றார்.

அன்று பின்னேரம் நேரே இணுவிலுக்குப் போனேன். கௌரி தகப்பனைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிறகு விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உறைகளைக் கழற்றச் சொன்னது, ஒன்பதும் புதிதாகக் கிடந்தது, பணிப்பாளர் சொன்னது. இனி இதைக்கொண்டு மேலே எழுதலாம் என்றும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஒன்பதும் புதுசோ அண்ணை?"

"ஓம்."

"அப்ப உறையோடைதான் எண்டு விசாரணையிலை எல்லாரும் சொன்னது பொய். சுகந்தியுமோ அப்பிடிச் சொன்னவ?"

விசாரணையில் சுகந்தி சொன்னதை நான் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தன் பக்கம் ஒருத்தியாவது பேசினாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சுகந்தியும் அந்த நினைப்பைக் கலைக்காமல் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்கு வந்துபோனாள்.

"ஓம்" என்றேன்.

கௌரி எழும்பி உள்ளே போனாள். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் கழுவித் துடைத்த சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. முதல்நாள் சுகந்தி தகப்பனுக்கென்று புட்டு அவித்துக் கொண்டுவந்த பெட்டியாம்.

"நாளைக்குக் கந்தோரிலை இதை அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ அண்ணை" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். கௌரி ஒருநாளும் அதில் தவறாதவள்.

அடுத்த நாள் காலையில் பெட்டியைச் சுகந்தியின் மேசையில் வைத்தேன். சுகந்தி அதைக் கையில் எடுத்தாள். பாரத்தில் ஏதோ தெரிந்திருக்கவேண்டும், மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. பெட்டியை மூடி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.